மலையில் தொழில் தொடங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: நீலகிரி, கொடைக்கானல்

கோத்தகிரியில் குடியிருப்பதால், "வேலையை விட்டுட்டு மலைக்கு வந்து ஏதாவது செய்யலாம்னு இருக்கேன்" என்று சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நீலகிரியையும் கொடைக்கானலையும் மனதில் வைத்து எழுதியது இது. ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதல் வேலையாக நிலம் பார்க்க வரட்டுமா?

வேண்டாம். வாடகைக்கு ஒரு வீடு பாருங்கள். அதையும் ஏப்ரல், மே மாதத்தில் வந்து பார்க்காதீர்கள். அப்போது எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். ஜூலையிலோ நவம்பரிலோ வாருங்கள். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, கரண்ட் போனால் எப்போது வருகிறது, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

நீலகிரிக்கு ஒரே ஒரு வானிலை என்று கிடையாது. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். அதே ஜூலையில் கோத்தகிரியில் வெறும் சாரலும் மூடுபனியும்தான். எங்களுக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது, குன்னூர், ஊட்டி, கோத்தகிரி என்று பல இடங்களில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரு நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவானது. குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் சரக்கு கோத்தகிரி வழியாகத்தான் மேட்டுப்பாளையம் இறங்கும். இரண்டு பாதையும் அடைபடும் நாளும் வரும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுந்து தேயிலைச் செடி கருகும். இந்த ஒரு சுற்றைக் கண்ணால் பார்த்த பிறகு எந்த ஊர், எந்தத் தொழில் என்று முடிவு செய்யுங்கள். ஒரு வருட வாடகை வீண் செலவு இல்லை. உங்கள் திட்டத்திலேயே அதுதான் மலிவான பகுதி.

ஒருவர் ஏக்கர் மலிவு விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

மலையில் நிலம் மலிவாக வருகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் பெரும்பாலும் தாசில்தார் அலுவலகத்துக் காகிதத்தில் இருக்கும், புரோக்கர் வாயில் இருக்காது.

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று பார்த்தால் போதும் என்பது சமவெளிக் கணக்கு. இங்கே அதற்கு மேல் சில கேள்விகள் உண்டு. தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலமா? அப்படியானால் 1949ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ, குத்தகைக்கு விடவோ, காட்டை வேறு உபயோகத்துக்கு மாற்றவோ முடியாது. அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டாவா? பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் நிபந்தனையோடு கொடுத்த நிலத்தை வெளியாள் வாங்கினால் அந்தக் கிரயமே செல்லாமல் போகலாம். அதைவிட முக்கியம், அந்த நிலம் யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவர்கள் கையில் இருக்க வேண்டியது. எவ்வளவு மலிவாக வந்தாலும் அந்த வியாபாரத்துக்குப் போகாதீர்கள்.

கூடலூரில் "பிரிவு 17 நிலம்" என்று காதில் விழுந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பரம்பரை நிலவுடைமையை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டு ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் அந்த நிலங்களின் உரிமைச் சிக்கல் பல பத்தாண்டுகளாக இழுக்கிறது. அங்கே குடியிருக்கும் எளிய குடும்பங்கள் மின் இணைப்புக்குக்கூட வருடக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள்.

அப்புறம் யானை வழித்தடம். மசினகுடி, பொக்காபுரம் பக்கம் சீகூர் பீடபூமியில் ரிசார்ட் கட்டியவர்களின் கதையை ஒவ்வொரு புதியவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2010இல் அரசு வழித்தடத்தை அறிவித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. யானைக்கு அங்கே வேறு வழியில்லை. மனிதனுக்கு வேறு இடம் இருந்தது.

நிலத்தைக் காட்டும் புரோக்கரிடம் விசாரிப்பதோடு நிற்காமல் கிராம நிர்வாக அலுவலர், வனச்சரக அலுவலகம், பக்கத்துத் தோட்டக்காரர் மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வதுதான் பெரும்பாலும் உண்மையாக இருக்கும்.

நிலம் சரியாக இருந்தால் கட்டடம் கட்டலாமா?

கட்டலாம், கீழே கட்டுவது மாதிரி முடியாது. 1990இல் ஏற்படுத்திய மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வரும் கிராமங்களில் மனைப்பிரிவுக்கும் பெரிய கட்டடத்துக்கும் கூடுதல் அனுமதிகள் வேண்டும். வனம், வேளாண் பொறியியல், புவியியல் துறைகளின் கருத்தும் கேட்பார்கள். நீலகிரியில் கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. அனுமதி இல்லாமல் ஜேசிபி வைத்து மண்ணை வெட்ட முடியாது, போர்வெல் போட முடியாது. உங்கள் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

இதையெல்லாம் தொல்லை என்று நினைக்கிறவர்கள் நிறைய. சரிவை நேராக வெட்டி வீட்டுக்குத் தளம் எடுத்தால், மேலே இருக்கும் மண் ஏதாவது ஒரு நவம்பரில் கீழே வரும். கீழே இருப்பது உங்கள் வீடாகவே இருக்க வேண்டும் என்றில்லை. பழைய கட்டடம் ஒன்றை லீஸுக்கு எடுத்துச் சரிசெய்து தொழில் நடத்துவதே புதியவருக்கு நல்லது என்பேன்.

ஹோம்ஸ்டே போடலாம் என்று இருக்கிறேன்.

பத்துப் பேர் போன் செய்தால் ஏழு பேர் சொல்வது இதுதான். அதனாலேயே தயங்கச் சொல்கிறேன்.

மத்திய சுற்றுலாத் துறையின் திட்டப்படி ஹோம்ஸ்டே என்றால் உரிமையாளர் குடும்பம் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். விடுவது ஒன்று முதல் ஆறு அறைகள் வரை. வீட்டை வாங்கி, ஒரு வாட்ச்மேனை வைத்து, சென்னையில் இருந்தபடி ஆப்பில் வாடகைக்கு விடுவது ஹோம்ஸ்டே இல்லை, அது லாட்ஜ். கொடைக்கானலில் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அனுமதியில்லாத தங்கும் விடுதிகளை நகராட்சி வரிசையாகப் பூட்டியது நினைவிருக்கலாம்.

கூட்டத்துக்கும் இப்போது வரம்பு உண்டு. 2024 மே 7 முதல் வண்டியில் மேலே வர இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த சீசனுக்கு நீலகிரியில் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000. கொடைக்கானலில் 4,000, 6,000 என்று நீதிமன்றம் எண்ணிக்கை வைத்தது. சாலையும் தண்ணீரும் தாங்காது என்பதால் வந்த உத்தரவு அது. வாகனம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும் என்று நம்பிக் கடன் வாங்குகிறவர் இதை யோசிக்க வேண்டும். சீசன் என்பது ஏப்ரல், மே. அதற்கடுத்து செப்டம்பர், அக்டோபரில் சிறியதாக இன்னொன்று. மற்ற மாதங்களில் வார இறுதிதான்.

அப்படியும் நடத்த விரும்பினால் மூன்று அறையோடு, அதே வீட்டில் குடியிருந்து நடத்துங்கள். பக்கத்து ஊர்ப் பெண்கள் சமைக்கட்டும், பக்கத்துத் தோட்டத்துக் காய்கறி வரட்டும். அது நிற்கும்.

வேறு எதுதான் எடுபடும்?

மலையில் விளைவதை மலையிலேயே பக்குவம் செய்து கீழே அனுப்பும் தொழில். சுற்றுலாப் பயணி மேலே வந்தால்தான் வருமானம் என்ற நிலை இருக்கக் கூடாது.

எங்கள் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1993இல் தொடங்கிய கீஸ்டோன் அமைப்பை ஆரம்பித்தவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். கடை போடுவதற்கு முன்னால் தேனெடுக்கும் பழங்குடியினரோடு நடந்து, எந்தக் காட்டில் யார் எப்படித் தேன் எடுக்கிறார்கள் என்று பதிவு செய்தார்கள். குறும்பர்கள் பாறை உச்சியிலிருந்து கொடியேணியில் இறங்கி மலைத்தேன் எடுப்பது தலைமுறை தலைமுறையாக நடப்பது. அந்தத் தேனைச் சுத்தமாக வடித்து, நியாயமான விலைக்கு வாங்கி, பெயர் போட்டு விற்பது மட்டுமே புதிதாகச் சேர்ந்தது. பின்னால் 2013இல் பழங்குடியினரே பங்குதாரர்களாக ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனம் உருவானது; அது 2021இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு வாங்கியது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் கற்றுக்கொண்டார்கள், பிறகு விற்றார்கள், கடைசியில் உரிமை உள்ளூர்க்காரர் கைக்குப் போனது. இதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் பாதை.

கொடைக்கானல் பக்கம் பூம்பாறை, மன்னவனூரில் விளையும் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அது பெரும்பாலும் மூட்டையாக இறங்கிப் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காட்டில் காபி, மிளகு, மலைவாழை, பட்டர் ஃப்ரூட். இவற்றைத் தரம் பிரித்து, காயவைத்து, வறுத்து, நேராக வாங்குவோரிடம் சேர்க்கும் வேலைக்கு ஆள் தேவை. நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகளுக்குப் பசுந்தேயிலை விலை கட்டுப்படியாகாத குறை பல வருடமாக இருக்கிறது. கையால் உருட்டிக் கொஞ்சமாகத் தயாரிக்கும் நல்ல தேயிலைக்கு இலை தர அவர்கள் தயாராகவே இருப்பார்கள், முன்பணமும் நிலையான விலையும் கொடுத்தால்.

புவிசார் குறியீடு உள்ள பெயரை லேபிளில் போடுவதற்கு முன் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்ய வேண்டும். 2013இல் குறியீடு பெற்ற, தோடர் பழங்குடிப் பெண்கள் செய்யும் பூவேலைக்கும் இது பொருந்தும். மெஷினில் தைத்த சால்வையைத் தோடர் சால்வை என்று விற்பது, மாதக்கணக்கில் நூல் எண்ணித் தைக்கும் அந்தப் பெண்களின் வயிற்றில் அடிப்பது.

கஃபே, பேக்கரி, சாக்லேட் எப்படி?

செய்யலாம். உயரத்தைக் கணக்கில் எடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் அங்கே 93 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். பருப்பு வேக நேரம் பிடிக்கும், குக்கர் இல்லாமல் காரியம் ஆகாது. இட்லி மாவை இரவு வெறுமனே வைத்தால் காலையில் வைத்த அளவிலேயே இருக்கும். அடுப்படியில் கம்பளி சுற்றி வைக்க வேண்டும். ரொட்டி மாவு குளிரில் மெதுவாகப் புளிக்கும், ஆனால் அடுப்பில் வைத்ததும் வேகமாக எழும்பி நடுவில் அமுங்கும். கீழே கற்ற அளவுகளை எல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பேக்கிங்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கோவையில் ஒட்டிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டிக் கடையில் பலூன் மாதிரி உப்பி நிற்கும். நீங்கள் மேலே ஒட்டிய பாக்கெட் கீழே போனால் நேர்மாறாகச் சுருங்கி, உள்ளே இருக்கும் பிஸ்கட்டை நெருக்கும், வாங்குகிறவருக்குப் பொருள் குறைவாகத் தோன்றும். மழைக்காலத்தில் திறந்த பிஸ்கட் ஒரு மணி நேரத்தில் நமத்துப்போகும், காகித லேபிள் உரியும். தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுத் தரக் கட்டுப்பாட்டு விதி. மூடுபனி நாளில் பாத்திரத்தைத் திறந்து வைத்துத் தேன் வடித்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு பாட்டிலில் புளித்து நுரை கட்டும். வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, மூடிய அறையில் வடியுங்கள். சாக்லேட் 34 டிகிரிக்குள் உருகிவிடும். மேலே அற்புதமாக இருக்கும் பொருள் மே மாதம் மேட்டுப்பாளையம் தாண்டும்போதே உருவம் கெட்டுப்போகும். கோடையில் கூரியரில் அனுப்புவதை நிறுத்திவைப்பவர்களே நல்ல பெயரோடு இருக்கிறார்கள்.

ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இரண்டு மலைகளிலும் தடை உண்டு. கண்ணாடி, காகிதம், டின் என்று முதல் நாளிலிருந்தே திட்டமிடுங்கள்.

உள்ளூர்க்காரர்கள் ஏற்றுக்கொள்வார்களா?

உள்ளூர்க்காரர்கள் என்றால் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் என்று பழங்குடியினர் உண்டு. ஹட்டி என்று சொல்லும் தங்கள் ஊர்களில் வாழும் படுகர்கள் உண்டு. அவர்களுடைய மொழியும் ஹெத்தையம்மன் திருவிழாவும் ஊர் வழக்கமும் தனி. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர் குடும்பங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் முழுக்க உண்டு. அவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. அவர்களும் ஒரு காலத்தில் புதியவர்களாக வந்தவர்கள்தான். விருப்பப்பட்டு வந்தவர்கள் இல்லை. இன்றைக்கு இந்த மலையின் தேயிலை அவர்கள் கைகளால் நிற்கிறது.

ஆகவே "இங்கே ஒன்றுமே இல்லை, நான் வந்து ஏதாவது செய்கிறேன்" என்ற எண்ணத்தோடு வராதீர்கள். மரியாதையோடு வருகிறவரை யாரும் விரட்டியதில்லை. ஊர் விசேஷத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். பெரியவர்களிடம் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். தண்ணீர் விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதை: ஊருக்கு வரும் ஊற்றிலிருந்து உங்கள் காட்டேஜுக்குக் குழாய் போட்டால் அன்றோடு உறவு முடிந்தது. வீட்டுக்காரர் கேட்கும் வாடகையை நீங்கள் கொடுத்துக்கொண்டே போனால் உள்ளூர் ஆசிரியருக்கும் டிரைவருக்கும் வீடு கிடைக்காமல் போகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வேலைக்கு ஆள் கிடைக்குமா?

இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போய்விட்டார்கள். எஸ்டேட் வேலைக்கே ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. சீசனுக்கு மட்டும் ஆள் எடுத்து, ஜூலையில் நிறுத்தினால் அடுத்த ஏப்ரலில் யாரும் வர மாட்டார்கள். குறைந்த ஆட்கள், வருடம் முழுக்கச் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் திரும்பி ஊருக்கு வர நினைக்கும் பிள்ளைகளே உங்களிடம் வருவார்கள். அந்த மாதிரி ஒரு வேலை, ஒரு ஹட்டியில் ஒரு வீட்டின் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்கிறது.

மானியம் ஏதாவது உண்டா?

மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதம், சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதம் மானியம். பட்டியலில் உள்ள மலைப்பகுதிகளும் சிறப்புப் பிரிவில் வரும். உங்கள் ஊர் அதில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் திட்ட மதிப்பில் 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அதற்குப் பணம் கேட்கிறவரிடம் கொடுக்காதீர்கள். மானியத்தை நம்பித் தொழிலைப் பெரிதாக்காதீர்கள். அது கைக்கு வர நாளாகும், வட்டி மறுமாதமே ஓடத் தொடங்கும்.

இன்டர்நெட், கூரியர், கரண்ட்?

டவுன்களில் ஃபைபர் வந்துவிட்டது. டவுனைத் தாண்டினால் ஊருக்கு ஊர் மாறும், வாடகை வீட்டில் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். மழைக்காலத்துக்கு இன்வெர்ட்டர் கட்டாயம். பந்திப்பூர் வழியில் இரவு 9 மணி முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை உண்டு. மைசூர், பெங்களூருக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் அதை ஒட்டியே நேரம் வைக்க வேண்டும்.

காட்டு விலங்குகள்?

கோத்தகிரியில் கரடி, குன்னூரிலும் கொடைக்கானலிலும் காட்டுமாடு, எங்கும் சிறுத்தை. சமையலறைக் கழிவை வெளியில் கொட்டுவதுதான் கரடியைக் கூப்பிடும் முதல் வழி. கஃபே நடத்தினால் அடைத்த அறையில் கழிவைச் சேர்த்து, அன்றன்றைக்கே அனுப்பிவிடுங்கள். இருட்டிய பிறகு தேயிலைத் தோட்டத்து நடைபாதையில் ஊழியர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். வண்டி ஏற்பாடு செய்யுங்கள். காட்டுமாட்டோடு செல்ஃபி எடுக்கப் போகும் விருந்தாளியைத் தடுப்பதும் உங்கள் பொறுப்புதான்.

கையில் எவ்வளவு பணம் வேண்டும்?

தொகை தொழிலுக்குத் தொழில் மாறும், அதனால் மாதக் கணக்கில் சொல்கிறேன். தொழிலில் ஒரு ரூபாய்கூட வராமல் பதினெட்டு மாதம் குடும்பம் நடத்தும் அளவுக்குப் பணம் தனியாக இருக்க வேண்டும். முதல் வருடம் ஊரைப் படிக்கப் போகும். இரண்டாம் வருடத்தின் சீசன் மழையில் அடித்துக்கொண்டு போகலாம், இல்லாவிட்டால் சாலை மூடலாம். கீழே இருக்கும் வீட்டை விற்றுவிட்டு வராதீர்கள், வாடகைக்கு விட்டுவிட்டு வாருங்கள். வயதான பெற்றோர் கூட வருவதாக இருந்தால் குளிரும் மூச்சுத்திணறலும் ஒத்துக்கொள்கிறதா என்று டிசம்பரில் ஒரு மாதம் தங்கவைத்துப் பாருங்கள். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்தது பெரிய நிம்மதி. ஆனாலும் பெரிய சிகிச்சை என்றால் இன்னமும் கோவைக்குத்தான் இறங்குகிறோம். மழை இரவில் அந்த மலைப்பாதையில் எவ்வளவு நேரமாகும் என்று வீடு பார்க்கும்போதே விசாரித்து, இரவில் வரக்கூடிய ஒரு டாக்ஸிக்காரரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.